வகுப்பறையில் ‘ரீட் அலாங்’ செயலி: யாருக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும்

பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுச் சரி, தப்பு காட்டும் கூகுளின் ரீட் அலாங் செயலியை ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் பயன்படுத்தலாமா? எழுத்துகளை அடையாளம் தெரிந்து, ‘படம்’, ‘மரம்’, ‘பட்டம்’ போன்ற சொற்களைத் திக்கித் திணறியாவது கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எழுத்தே தெரியாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் கற்றல் நிலைகளுக்கு ஏறுவரிசையில் வைத்திருக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களில் சொன்னால், மொட்டிலும் மலரிலும் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். அரும்பில் இருப்பவர்களில் பலருக்குப் பொருந்தாது. இந்த ஒன்றைக் கவனிக்காமல் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே நாளில் போனைக் கொடுப்பதால்தான், பல இடங்களில் இரண்டாவது வாரமே செயலி ஓரங்கட்டப்படுகிறது.

2019 மார்ச்சில் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் மட்டும், இந்தியும் ஆங்கிலமுமாக வந்தது இது. அதே ஆண்டிலேயே தமிழும் சேர்ந்தது. 2020-ல் ரீட் அலாங் என்று பெயர் மாறி உலகம் முழுக்கப் போனது. 2022 ஜூனில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை இதை வைத்து 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடத்தியபோதுதான் நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கும் அறிமுகமானது. இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்காமலும் படிக்கலாம். கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். பிள்ளையின் குரலைக் கருவிக்குள்ளேயே ஆராய்கிறது, வெளியே அனுப்புவதில்லை என்கிறது நிறுவனம். சிறுவர் குரல் என்பதால் இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. திரையில் படத்தோடு ஓரிரு வரிகள் வரும். பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தியா என்ற கார்ட்டூன் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். சரியாக வந்த சொற்கள் நிறம் மாறும், தவறியது தனித்துத் தெரியும். தெரியாத சொல்லைத் தொட்டால் தியா சொல்லிக்காட்டுவாள். நடுநடுவே சொல் விளையாட்டுகள், கடைசியில் நட்சத்திரங்கள். ஒரே கருவியில் பல பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பெயரில் கணக்கு வைக்கலாம். பொத்தான்களின் இடமும் தோற்றமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் அவற்றை விவரிக்கப் போவதில்லை.

இதன் பலம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிப்பதை ஆசிரியர் உட்கார்ந்து கேட்க நாளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இந்தச் செயலி எட்டு நிமிடம் கேட்கும், சலிக்காமல் கேட்கும், தப்பு வந்தால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சிரிக்காது. கூச்சப்பட்டு வாயே திறக்காத பிள்ளைகள் தியாவிடம் திறப்பதைப் பல வகுப்புகளில் பார்க்கலாம். படிக்கப் பழகுவது வாய்விட்டுப் படிப்பதில் இருக்கிறது என்றால், அந்த நேரத்தை நாளுக்குப் பல மடங்கு கூட்டித் தருகிற கருவி இது.

தமிழைக் கேட்கும் காது

இனி குறைகள். செயலிக்கு எந்த வரியைப் பிள்ளை படிக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். வருகிற ஒலி அந்த வரிக்கு நெருக்கமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. எனவே அதன் காது கறார் அல்ல, தாராளம். சிறுவர் குரல் பெரியவர் குரலைவிட உயர்ந்த சுருதியில் இருக்கும், உச்சரிப்பும் முதிர்ந்திருக்காது என்பதால், இந்தத் தாராளம் தேவைதான். இல்லையென்றால் சரியாகப் படித்த பிள்ளையைத் தப்பு என்று சொல்லி அழவைத்துவிடும். ஆனால் தாராளத்துக்குத் தமிழில் ஒரு விலை உண்டு.

நம் மொழியில் பொருள் சொல்லின் வாலில் இருக்கிறது. ‘படித்தான்’, ‘படித்தாள்’, ‘படித்தார்’ மூன்றும் முக்கால்வாசி ஒன்று. ‘வீட்டில்’, ‘வீட்டை’, ‘வீட்டுக்கு’ என்பதும் அப்படியே. தொடக்க நிலைப் பிள்ளை சொல்லின் முன்பாதியைப் படித்துவிட்டு வாலை ஊகிக்கும். செயலி பல நேரம் அதை விட்டுவிடும். அடுத்து குறில் நெடில். ‘கல்’லும் ‘கால்’உம், ‘கொடு’வும் ‘கோடு’வும், ‘பட்டு’ம் ‘பாட்டு’ம் ஒலி நீளத்தில்தான் வேறுபடுகின்றன. பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் படிக்கும்போது குறிலும் நெடில்போல நீளும். அங்கே செயலியால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ல, ள, ழ விஷயத்தில் இதை நம்பவே வேண்டாம். தென் மாவட்டத்துப் பிள்ளை ‘வாளப்பளம்’ என்றும், வட மாவட்டத்துப் பிள்ளை ‘வாயப்பயம்’ என்றும் படிக்கும். இரண்டையும் ஏற்றால் ழகரம் பழகாது, ஏற்காவிட்டால் சரியாகப் படித்த பிள்ளை தண்டிக்கப்படும். வாசிப்புப் பயிற்சியில் ஏற்பதுதான் சரி என்பது என் கருத்து. பிள்ளை எழுத்தை அடையாளம் கண்டுவிட்டது, நாக்கு அதன் ஊர் வழக்கில் இருக்கிறது, அவ்வளவே. ழகர உச்சரிப்பைப் பாட்டிலும் நாநெகிழ் பயிற்சியிலும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ர, ற வேறுபாடும் ந, ன வேறுபாடும் பெரும்பாலோர் பேச்சில் காதுக்கே கேட்காது. அவை எழுத்துக்கூட்டல் பாடத்தைச் சேர்ந்தவை, சொல்வதெழுதுதலில்தான் பிடிபடும். இந்தச் செயலியில் நூறு கதை படித்த பிள்ளை ‘கருப்பு’ எழுதுமா ‘கறுப்பு’ எழுதுமா என்பதற்குச் செயலி பொறுப்பேற்காது.

பேச்சு வழக்கு இன்னொரு இடம். வரியில் ‘வந்தார்கள்’ என்று இருக்க, பிள்ளை ‘வந்தாங்க’ என்று படிக்கும். கதையைப் புரிந்துகொண்டு படிக்கிற பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும், எழுத்தை மட்டும் பார்க்கிற பிள்ளை செய்யாது. ஆகவே செயலி அதைத் தப்பு என்று காட்டும்போது ஆசிரியர் கடிந்துகொள்ளக் கூடாது. ‘நீ சொன்னது சரி, புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்’ என்று சொன்னால் போதும்.

பயன்படுத்தத் தொடங்கும் முன் ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து பார்க்க வேண்டும்: ஒரு கதையைத் திறந்து, வேண்டுமென்றே தப்பாகப் படியுங்கள். முதலில் வால் தப்பு, பிறகு குறில் நெடில் தப்பு, பிறகு ஒரு சொல்லை முழுதாக விட்டுவிட்டு, பிறகு சம்பந்தமே இல்லாத சொல். எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செயலி புதுப்பிக்கப்பட்டால் மறுபடி செய்யுங்கள். அந்தத் தாளில் ‘ஏற்கிறது’ என்று எழுதியிருக்கும் தப்புகளை எல்லாம் உங்கள் காதால்தான் பிடிக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ஒரு தந்திரம்

வகுப்பில் அதிகம் எழும் சிக்கல் இது. பிள்ளை ‘ப... ட்... ட... ம்’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்லும். செயலி முழுச் சொல்லுக்காகக் காத்திருக்கும். துண்டு துண்டான ஒலி அதற்குச் சொல்லாகத் தெரியாது, அதனால் தவறு என்று காட்டிவிடும் அல்லது அசையாமல் நிற்கும். பிள்ளை செய்ததோ மிகச் சரியான வேலை. வாசிப்பின் முதல் படியே எழுத்துக்கூட்டல்தானே. இந்தப் பருவத்துக்கென்று செயலியில் வழி இல்லை என்பதை அதன் மிகப் பெரிய குறையாகச் சொல்வேன்.

இதற்கு எளிய தீர்வு, படிப்பதை இரண்டாகப் பிரித்துப் பழக்குவது. முதல் முறை விரலைச் சொல்லின் கீழே வைத்து உதட்டுக்குள் கூட்ட வேண்டும். இரண்டாவது முறை முழுச் சொல்லாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ‘உள்ளே கூட்டு, வெளியே சொல்’ என்று ஒரு வாய்பாடுபோலச் சொல்லிக்கொடுத்தால் ஓரிரு நாளில் பிடித்துக்கொள்வார்கள். நான்கு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களை அசை அசையாக விரலால் மறைத்துக் காட்டலாம்: ‘விளை’, ‘யாடி’, ‘னான்’. பிறகு ஒரே மூச்சில் ‘விளையாடினான்’. சொல்லைத் தொட்டுத் தியாவிடம் விடை கேட்பதற்கும் ஒரு விதி வேண்டும். ஒரு சொல்லை இரண்டு முறை முயன்ற பிறகுதான் தொடலாம். இந்த விதி இல்லாத வகுப்பில், கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக் கேட்டுக் கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்லி நட்சத்திரம் வாங்கிவிடுவார்கள். காது வேலை செய்யும், கண் வேலை செய்யாது.

எழுத்தே தெரியாதவர்களுக்கு

இவர்களுக்கு, வகுப்பில் தொடுதிரைப் பலகை (ஸ்மார்ட் போர்டு) இருந்தால் அதுதான் சரியான கருவி. இல்லையென்றால் எழுத்து அட்டைகளே போதும், வருத்தப்பட ஒன்றுமில்லை. 247 எழுத்து என்று மிரள வேண்டாம். பிள்ளை உண்மையில் கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மெய்யோடு ஒட்டும் குறிகள், உகர ஊகார வரிசையின் தனி வடிவங்கள். ‘கா’வில் வரும் துணைக்காலும் ‘கி’யில் வரும் விசிறியும் கிட்டத்தட்ட எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி ஒட்டும். ‘கு’, ‘சு’, ‘டு’, ‘து’, ‘மு’ ஆகியவை ஆளுக்கொரு விதமாக வளையும். எனவே பலகையில் உகர வரிசைக்கு மட்டும் மற்ற வரிசைகளைவிட இரண்டு மடங்கு நாள் கொடுங்கள்.

கொம்புதான் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும் அடுத்த இடம். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் மெய்யை இருபுறமும் கவ்விக்கொள்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை ‘கொடி’யைப் பார்த்து ‘கெ... ஆ...’ என்று தொடங்கும். இதைத் தொடுதிரையில் காட்டுவதுபோல வேறு எங்கும் காட்ட முடியாது. நடுவில் ‘க’. இடப்பக்கத்திலிருந்து கொம்பை இழுத்து ஒட்டினால் ‘கெ’. வலப்பக்கத்திலிருந்து துணைக்காலையும் இழுத்தால் ‘கொ’. ஒரு பிள்ளை இழுக்க, வகுப்பு ஒலியைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பயிற்சியைத் தாங்களே தயாரிக்கும் ஆசிரியர்கள் ஒரு தொழில்நுட்பப் பள்ளத்தில் விழுவார்கள். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கொம்பு தனி எழுத்து அல்ல, ஒட்டும் குறி. தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். பிள்ளைகள் அந்த வட்டத்தையும் எழுத்து என்றே நினைத்து நோட்டில் வரைவார்கள். தவிர்க்க இரண்டு வழி: குறியைப் படமாக வரைந்து ஒட்டுவது, அல்லது குறிக்கு முன்னால் பிரியா இடைவெளி (no-break space) எழுத்து ஒன்றைத் தட்டச்சு செய்வது. படமே எளிது, எந்தக் கருவியிலும் மாறாது.

இணையத்தில் கிடைக்கும் பொதுவான சொல் கலைப்பு விளையாட்டுகளிலும் இதே காரணத்தால் சிக்கல் வரும். ‘பூனை’ என்று கொடுத்தால் ‘ப’, ஊகாரக் குறி, ‘ன’, ஐகாரக் குறி என்று நான்காகச் சிதைத்துப் போடுகிற கருவிகள் நிறைய. அவை ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை, உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணத் தெரியாதவை. ஒரு விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ‘பூனை’, ‘கொக்கு’, ‘பௌர்ணமி’ மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். ‘கொக்கு’ மூன்று துண்டாக, அதாவது ‘கொ’, ‘க்’, ‘கு’ என்று பிரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். தப்பான துண்டுகளோடு விளையாடுவதைவிட விளையாடாமல் இருப்பது மேல்.

பழைய பயிற்சித்தாள்களைப் பலகையில் திறக்கும்போது எழுத்துகள் அர்த்தமில்லாத ஆங்கிலக் குறிகளாக மாறினால் அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துருவை நிறுவத் தேடுவதைவிட யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. மாற்றிய பிறகு ஒகர ஓகாரங்களைக் கண்ணால் சரிபாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கூட்டாகப் படிக்கும் கதை நேரத்துக்கு ரீட் அலாங்கைப் பெரிய பலகையில் ஓடவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பது பேர் சேர்ந்து படித்தால் உரத்த குரல் மூன்று பேருடையதுதான் மைக்கில் ஏறும். மற்றவர்கள் உதடசைப்பார்கள், செயலியோ எல்லாரும் பாஸ் என்று நட்சத்திரம் கொட்டும். அந்த நேரத்துக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் மேல். 2015-லிருந்து இயங்குகிறது, தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, திறந்த உரிமத்தில் வருவதால் பிடிஎஃப் ஆக இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் அடங்கும். பலகையில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஆசிரியர் குச்சியால் சொல்லைச் சுட்ட, ஒரு வரிசைப் பிள்ளைகள் மட்டும் படிக்க வேண்டும். அடுத்த பக்கம் அடுத்த வரிசைக்கு. யார் வாய் திறக்கவில்லை என்பது உடனே தெரியும்.

இரைச்சலும் ஹெட்போனும்

ரீட் அலாங்குக்குத் திரும்புவோம். அது வகுப்பறையில் தோற்பதற்கு முதல் காரணம் இரைச்சல். ஐந்து பிள்ளைகள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஐந்து கதைகளைச் சத்தமாகப் படித்தால், எந்தக் கருவிக்கும் எதுவும் புரியாது. பிள்ளை சரியாகப் படித்தும் சொல் நிறம் மாறாது. இன்னும் சத்தமாகப் படிக்கும், பக்கத்துப் பிள்ளையும் சத்தத்தைக் கூட்டும். பத்து நிமிடத்தில் அது வகுப்பல்ல, சந்தை.

மைக் வைத்த ஹெட்போன் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். வாங்கும்போது 3.5 மி.மீ. பிளக்கின் உலோகத் தண்டைப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் மூன்று இருந்தால் மைக் உண்டு, இரண்டே இருந்தால் ஒலி மட்டும்தான். பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் வளையத்தை எண்ணிவிட்டு வாங்குங்கள். டைப்-சி துளை மட்டும் உள்ள டேப்புக்கு இணைப்பான் தேவைப்படும். மலிவான இணைப்பான்களில் சில ஒலியை மட்டும் கடத்தும், மைக்கைக் கடத்தாது. மைக் கிடைக்கவில்லையென்றால் கருவி தன் சொந்த மைக்குக்கு மாறிக்கொள்வதும் உண்டு. அதனால் ஹெட்போன் மாட்டியும் பக்கத்துப் பிள்ளையின் குரல் ஏறுகிறதே என்று குழப்பமாக இருக்கும். சோதிக்க எளிய வழி: கருவியின் குரல் பதிவுச் செயலியைத் திறந்து, ஹெட்போன் மைக்கை விரல் நகத்தால் தட்டிப் பதியுங்கள். கேட்டுப்பார்த்தால் தட்டும் ஒலி பலமாக இருக்க வேண்டும்.

காதை முழுக்க மூடும் வகை வேண்டாம். பிள்ளைக்குத் தன் குரல் கேட்காமல் கத்தத் தொடங்கும். காதின் மேல் மெதுவாக உட்காரும் சாதாரண வகையே நல்லது. மைக் உதட்டுக்கு நேர் முன்னால் இருக்கக் கூடாது. ‘ப’, ‘ட’ சொல்லும்போது மூச்சுக்காற்று அடித்து ஒலி உடையும். வாயோரத்தில் இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். ஒலியளவைப் பாதிக்குக் குறைவாக வைத்துவிடுங்கள். சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நம் பயன்பாடு வாரம் அரை மணிகூட வராது என்றாலும், சத்தமாக வைத்துக் கேட்கும் பழக்கம் இங்கிருந்து தொடங்கக் கூடாது. காதுப் பஞ்சை ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் துடைக்க ஒரு துணியும் கிருமிநாசினியும் மேசையில் இருக்கட்டும்.

ஹெட்போன் இல்லையா? இடத்தால் சரிக்கட்டலாம். வகுப்பின் நான்கு மூலை, வராண்டாவில் ஒருவர் என்று ஐந்து இடம். பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், முதுகு வகுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். உடம்பே பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் கொஞ்சம் தடுக்கும். கருவி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று, பெரும்பாலான போன்களில் மைக் துளை சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். போனைக் குறுக்காகப் பிடிக்கும் பிள்ளையின் உள்ளங்கை அதை மூடிவிடும். ‘தியா கேட்கவே மாட்டேங்கறா’ என்று பிள்ளை வந்து சொன்னால் முதலில் கையைப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு சிறிய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ‘இங்கே கை வைக்காதே’ என்று பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கெட்டியான ரப்பர் உறையும் துளையை மூடலாம், துளை சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கருவியைத் தயார் செய்வது

கதைகளை முந்தைய நாளே இறக்கி வையுங்கள். ஒவ்வொரு கருவியிலும் ஒரே பன்னிரண்டு கதைகள் போதும். ஏராளமாக இறக்கினால் பிள்ளை படிப்பதைவிடத் தேடுவதில் நேரம் போகும். இறக்கியபின் ஒவ்வொரு கதையையும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். பாதியில் நின்ற இறக்கம் அப்போதுதான் தெரியும். வகுப்பு நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடலாம். அழைப்பு வராது, அறிவிப்பு குதிக்காது, பேட்டரியும் மிச்சம். ஆண்ட்ராய்டில் ஒரே செயலியைத் திரையில் பூட்டிவைக்கும் வசதி உண்டு, அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். அதை இயக்கிவிட்டால் பிள்ளை கேமராவுக்குத் தாவ முடியாது.

கோடை விடுமுறைக்குப் பின் செயலி திடீரென்று செவிடாகிவிட்டால் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதம் திறக்கப்படாத செயலிகளின் அனுமதிகளைக் கருவி தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. மைக் அனுமதியும் அப்படிப் போயிருக்கும். அமைப்புகளில் போய் மறுபடி கொடுத்தால் சரியாகிவிடும்.

நேரக் கணக்கைத் தொடங்கும் முன்னே போட்டுவிடுங்கள். முப்பது பிள்ளைகள், ஐந்து கருவிகள், ஆளுக்கு எட்டு நிமிடம், கைமாற்ற இரண்டு நிமிடம் என்றால் ஆறு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் அடங்காது. அடக்கப் பார்த்தால் ஆளுக்கு நான்கு நிமிடம்தான் கிடைக்கும், கதையில் மூழ்குவதற்குள் பிடுங்கிக்கொள்வோம். நாளுக்குப் பத்துப் பேர், இரண்டு சுற்று, இருபது நிமிடம் என்று வையுங்கள். அதே நேரத்தில் மற்ற இருபது பேரில் பாதிக்கு ஆசிரியரோடு எழுத்துப் பயிற்சி, பாதிக்கு அச்சுக் கதைப் புத்தகம். ஆறு வேலை நாளில் எல்லாருக்கும் இரண்டு முறை வரும். எழுத்துக்கூட்டலில் திணறுபவர்களுக்கு மட்டும் மூன்றாவது முறை மதிய உணவுக்குப் பின் கொடுக்கலாம். எட்டு நிமிடத்தைக் கூட்ட வேண்டாம். இந்த வயதில் அதற்கு மேல் கவனம் கதையிலிருந்து விளையாட்டுக்கு நழுவிவிடும்.

நட்சத்திரமும் வேகமும்

நட்சத்திரத்துக்காகப் பிள்ளைகள் ஒரே எளிய கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். மூன்று முறை வரை அது நல்லதுதான், சரளம் அப்படித்தான் வரும். அதற்கு மேல் மனப்பாடம். கருவியோடு ஒரு குறிப்பேட்டைக் கட்டிவைத்து, கதையின் பெயருக்கு எதிரே பிள்ளை கோடு போட்டுக்கொள்ளட்டும். மூன்று கோடு விழுந்தால் அடுத்த கதை. நட்சத்திர எண்ணிக்கையைச் சுவரில் பட்டியலாக ஒட்டுவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். கடைசி இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாசிப்பே வெறுத்துப்போகும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்று பொதுவாகக் குறித்தது. ஆனால் ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது தமிழில் ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரே சொல்லாக நிற்கும். அதே பிள்ளை அதே சரளத்தோடு படித்தாலும் தமிழில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். வேறு மொழிப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அதே பிள்ளையின் போன மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

படித்ததும் புரிந்ததா என்பதையும் கேளுங்கள். கருவியைத் திரும்ப வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: ‘கதையில் யாருக்கு என்ன ஆச்சு?’ பிள்ளை பேச்சுத் தமிழில் சொன்னால் போதும்.

வாரத்தில் ஒரு நாள் திரை இல்லாத சோதனை வையுங்கள். அந்த வாரம் பிள்ளை படித்த கதையிலிருந்து பத்துச் சொற்களை எடுத்து, படம் இல்லாமல், வரிசை மாற்றி, வெறும் தாளில் எழுதிக் காட்டுங்கள். அதில் மூன்று சொல்லாவது வால் மாறியவையாக இருக்கட்டும்: கதையில் ‘ஓடினான்’ என்றால் தாளில் ‘ஓடினாள்’, ‘மரத்தில்’ என்றால் ‘மரத்தை’. எட்டுச் சொல் சரியாக வந்தால் அடுத்த நிலைக் கதைக்குப் போகலாம். திரையில் நட்சத்திரம் வாங்கிய பிள்ளை தாளில் ஐந்துக்குக் கீழே நின்றால், அது படத்தையும் தியாவின் குரலையும் வைத்துப் படித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் செயலியை நிறுத்திவிட்டு, எழுத்து அட்டையோடு ஆசிரியர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.